மணப்பெண் டயர்

“என் ஸ்டெப்னியத் திருப்பிக் குடுங்க, பத்ரினோ.”

நெய்டா அப்பாவின் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். அந்தப் பக்கம் நாற்காலியில் தோன் கலிஸ்தோ இருந்தார். கோக்கா இலையைக் காம்பு கிள்ளி ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த இலையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஓட்டுநர் சங்கத்தின் கூடம் அது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அத்தனை பேரும் பொலிவிய மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோவிலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்கு இறக்கத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவர்கள். பேச்சு நின்றுவிட்டது. மூலையில் ஒருவர் டீக்குள் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அம்மா தோமாசா உட்கார்ந்தபடியே நெய்டாவின் முழங்கையைக் கோட்டோடு சேர்த்துக் கிள்ளினாள். பலமான கிள்ளு. நெய்டா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தோன் கலிஸ்தோ சங்கத்தின் தலைவர். அதோடு அவளுக்குப் பத்ரினோ, ஞானத்தந்தை. அந்த உறவில் அப்பா அவருக்குக் கொம்பாத்ரே, அம்மா கொமாத்ரே. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது அவள் தலையைத் தாங்கியவர் அவர்தான். பட்டமளிப்பு நாளில் கைகோத்து மேடை வரை அழைத்துப்போய் மோதிரம் போட்டுவிட்டவரும் அவர்தான். அன்று வீடு திரும்பியதும் அம்மா சொல்லிவைத்தாள்: “இனிமே அந்த மனுசன்கிட்ட எதையும் கேக்கக் கூடாது. குடுத்தா வாங்கிக்க. குடுக்கலன்னா சிரிச்சுக்க. கேக்குறது மட்டும் கூடாது.” அப்பா செவெரோ ஷூவைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினார். லிமாச்சி குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்குக் கிடைத்த முதல் புத்திமதி அது.

“எந்த ஸ்டெப்னி, மகளே?” என்று கேட்டார் தோன் கலிஸ்தோ. குரலில் கோபமே இல்லை. அவருக்கு அது தேவைப்பட்டதில்லை.

“அப்பாவுக்கு நான் வாங்கிக் குடுத்தது.”

“வண்டியில இருந்தது வண்டியோட போயிருக்கும். வண்டியே போச்சு, மனுசனே போயிட்டான், நீ டயரக் கேக்குற.” கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “படிச்ச புள்ளைங்க துக்கம் வேற மாதிரி இருக்கும்போல.”

இரண்டு பேர் குனிந்து சிரிப்பை விழுங்கினார்கள்.

“வண்டியோட போகல. நேத்து நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

போக்குவரத்துப் போலீஸின் கொட்டடியில், நசுங்கிய வண்டிகளுக்கு நடுவே அப்பாவின் வெள்ளை மினிபஸ் ஒருக்களித்துக் கிடந்தது. கூரை இருக்கை வரை இறங்கியிருந்தது. அழுவதற்குத்தான் போனாள். ஆனால் முன்பக்க இடது சக்கரத்தைப் பார்த்ததும் அழுகை எங்கேயோ போய்விட்டது. மற்ற மூன்று சக்கரமும் ஒரு அளவு, அது மட்டும் சின்னது. காருக்குப் போடுகிற டயர். போல்ட் ஓட்டை பொருந்தியிருக்கிறது, அது போதும் என்று யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஓரம் முழுக்கக் காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு. கர்ச்சீப்பில் எச்சில் தொட்டுத் துடைத்து, தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் எண்களைத் தேடினாள். மூன்றே இலக்கம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த டயருக்கெல்லாம் நான்கு இலக்கம். இது போன நூற்றாண்டு.

“என்னைவிட மூத்த டயரு, பத்ரினோ. அதுலதான் அப்பா இறங்கியிருக்காரு. அப்போ என்னோடது எங்க?”

“நெய்டா,” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

தோன் கலிஸ்தோ இலையை வாயில் போட்டு மென்றார். “உங்கப்பன் அந்த வாரம் ஒழுங்காத் தூங்கல. டபுள் ட்ரிப் அடிச்சான். நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. கண்ணு சொருகிடுச்சு. பூமித்தாய் எடுத்துக்கிட்டா. இதுல டயர் எங்க வந்துச்சு?”

“தூங்குறவரு பயணிங்கள இறக்கிவிட்டுட்டுத் தூங்குவாரா?”

உருளைக்கிழங்கு மூட்டையோடு அந்த வண்டியில் போன ஒரு அம்மாள் அப்பாவின் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்திருந்தாள். டயர் போனதும் அவர் வண்டியை ஓரங்கட்டியதையும், ஸ்டெப்னியை மாட்டிவிட்டு அதைக் காலால் உதைத்துப் பார்த்ததையும் சொன்னாள். அப்புறம் எல்லாரையும் இறங்கச் சொல்லியிருக்கிறார். ‘முன்னால நடந்து போங்க, அந்த வளைவு தாண்டி ஏத்திக்கிறேன்.’ மூடுபனியில் இவர்கள் நடந்தார்கள். பின்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அப்புறம் கல் உருளும் சத்தம், ரொம்ப நேரத்துக்கு.

“மூணு மணிக்கு அடக்கம்,” என்று எழுந்தார் தோன் கலிஸ்தோ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு அஞ்சு மணிக்குப் போலீஸ் கொட்டடியில வேலை இருக்கு. பரிசோதகர் வர்றாரு. சங்கத்துச் சார்பா நான்தான் வாக்குமூலம் குடுக்கணும். நல்லபடியா முடிச்சுத் தர்றேன், கொமாத்ரே. நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க.”

அம்மா கைகளைக் கூப்பினாள். நெய்டாவுக்கு அந்தக் கைகளைப் பிரித்துவிட வேண்டும்போல இருந்தது.

அந்த டயரை அவள் முதல் சம்பளத்தில் வாங்கினாள். அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுக்கலாமா என்று கேட்டதற்கு அவர், “குளுரு பழகிடுச்சு. ஒரு ஸ்டெப்னி இருந்தா நிம்மதியா இருக்கும்” என்று சொல்லியிருந்தார். கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டது எங்கிருந்தோ வந்து இறங்கிய பழைய டயர், கருப்புப் பாலிஷ் போட்டு மினுக்கியது. நெய்டா விரலால் ஒரு இழுப்பு இழுத்தாள், விரல் கருத்தது. இரண்டாவது டயர் அளவில் சரி, ஆனால் சுமை தாங்கும் எண் குறைச்சல். மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் வெயிலில் கிடந்து மூன்று வருஷமான சரக்கு. “இந்த டயரெல்லாம் கொண்டுபோய் மரத்துல ஊஞ்சலாத் தொங்கவிடுங்க” என்று அவள் சொன்னபோது கடைக்காரர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “யுனிவர்சிட்டியில டயர் படிக்கவா அனுப்பினீரு?”

“ஆமா,” என்றார் அப்பா, பெருமை தாங்காமல். “நாலு வருசம்.”

ஓடுகிற நான்கும் எந்த அளவோ அதே அளவில், அதே தாங்குதிறனில், அந்த வருஷத்துச் சரக்காக ஒன்று கடைசியில் உள்ளேயிருந்து வந்தது. அதன் நான்கு இலக்கத்தையும் அவள் இன்றும் தூக்கத்தில் சொல்வாள். வீட்டு முற்றத்தில் வைத்து அப்பா அதன் உள்விளிம்பில் மஞ்சள் பெயின்ட்டால் அவள் பெயரை எழுதினார். பிரஷ் பழக்கமில்லாத கை. எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் இருவருக்கும் ஸ்டெப்னி நாள். சங்கிலியை இறக்கி, சேறு கழுவி, காற்று அளப்பார்கள். சும்மா கிடக்கிற டயர் மெதுவாக மூச்சு விடும், அதனால் ஓடுகிறதைவிட இரண்டு பிடி கூடுதலாகவே அடிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். தூக்கும் சங்கிலிக்கு கிரீஸ் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஓடுகிறவற்றோடு மாற்றிப் போட்டால் ஐந்தும் ஒன்றுபோலத் தேயும் என்று கணக்குப் போட்டார்கள். மற்ற ஓட்டுநர்கள் இதைப் பார்த்துப் பயந்தார்கள். அந்த லைனில் யாரும் ஸ்டெப்னியைத் தொடுவதில்லை. தொட்டுப் பார்த்தால் ஆணியைக் கூப்பிடுகிற மாதிரி. கார்னிவல் செவ்வாயன்று வண்டிக்குப் பூவும் காகிதச் சுருளும் சுற்றி, நான்கு சக்கரத்துக்கும் பீர் தெளிக்கும்போது, கீழே குனிந்து ஸ்டெப்னிக்கும் ஒரு கை தெளிப்பார்கள். அந்த வருஷத்துக்கு அதோடு சரி. அடுத்த கார்னிவல் வரை கழற்றக் கூடாது. கழற்றினால் அதிர்ஷ்டம் இறங்கிப் போய்விடும்.

“செவெரோ பொண்டாட்டிய விட ஸ்டெப்னியத்தான் அதிகமாக் குளிப்பாட்டுறான்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அப்புறம் நெய்டா வேலை மாறி கோச்சபாம்பா நகரத்துக்குப் போனாள். ஞாயிறுகளில் போனில் கேட்பாள், “ஸ்டெப்னி பாத்தீங்களாப்பா?”

“இருக்கு மகளே, இருக்கு.”

ஜனவரியிலிருந்து இதே பதில். ‘பாத்தேன்’ என்று அவர் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கூடத்துக்கு வெளியே வெயிலில் கண் கூசியது, காற்று வெட்டியது. காசியானோ சுவரோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு ஒரே நாளில் லைனுக்கு வந்தவர், எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். இன்று அவர் முகத்தில் அது தேடினாலும் கிடைக்கவில்லை.

“சித்தப்பா, என் டயர் யார்கிட்ட இருக்கு?”

“எனக்கு என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாம இந்த லைன்ல ஒரு நட்டு கழலாது.”

அவர் புகையை விட்டார். “மணப்பெண்ணு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“தெரியாம இருந்தது எங்க நல்ல நேரம். செக்கிங் அன்னிக்கு எல்லா வண்டியும் வரிசையில நிக்கும். ஒவ்வொருத்தனும் ஸ்டெப்னி காட்டணும். யார்கிட்ட இருக்கு? மொட்டையும் வெடிச்சதும்தான். அதனால ஒரே ஒரு நல்ல டயர் வெச்சிருப்போம். முதல் வண்டி காட்டிட்டு, பின்பக்கமா உருட்டி விட்டுரும். அடுத்த வண்டி காட்டும். அப்படியே கடைசி வரைக்கும். ஒரே நாள்ல நாப்பது வீட்டுக்கு வாக்கப்படுறதால அதுக்கு மணப்பெண்ணுன்னு பேரு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “பழைய மணப்பெண்ணு கெழவியாயிடுச்சு. இந்த ஜனவரிக்கு தோன் கலிஸ்தோ உங்கப்பன்கிட்ட கேட்டாரு. ‘கொம்பாத்ரே, ஒரே நாளு’ன்னாரு. கொம்பாத்ரேகிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது? அதுவரைக்கும் இதத் தொங்கவிட்டுக்கன்னு ஒரு காரு டயரக் குடுத்தாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் அது திரும்பி வரல.”

“அப்பா கேக்கலையா?”

காசியானோ அவளை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க வீட்ல கேக்குற பழக்கம் உண்டா?”

அப்போது தோன் கலிஸ்தோவின் நீல மினிபஸ் கூடத்து வாசலுக்குப் பின்பக்கமாக வந்தது. பெட்டி ஏற்றப் பின் இருக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். கண்ணாடியில் கருப்பு ரிப்பன். சங்கத்தில் யார் செத்தாலும் தலைவரின் வண்டியில்தான் கடைசிப் பயணம். அது கௌரவம். ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றி வந்தார்கள். வண்டியின் பின்கதவு மேலே தூக்கியிருந்தது. அதன் அடியில், சங்கிலியில், கருப்பாக ஏதோ தொங்கியது. அதிலிருந்து சாயம் வெளுத்த காகிதச் சுருள் ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நெய்டா நடந்துபோய் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டாள். அது போதவில்லை. துக்கத்துக்காகக் கடன் வாங்கிப் போட்டிருந்த கருப்புக் கோட்டோடு மண்ணில் மல்லாந்து படுத்து, தோளால் நகர்ந்து உள்ளே போனாள்.

“ஐயோ, என்ன பண்ணுது இந்தப் புள்ள!” யாரோ ஒரு பெண்.

“எந்திரி, நெய்டா. எந்திரிடி!” இது அம்மா.

பெட்டியைச் சுமந்தவர்களின் ஷூக்கள் அவள் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. சுமை ஏற ஏற அந்த ஷூக்கள் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டன. நெய்டா காகிதச் சுருளை விலக்கினாள். காய்ந்த பூவிதழும் பீர் பிசுபிசுப்பும் கையில் ஒட்டின. கர்ச்சீப்பால் துடைத்தாள். நான்கு இலக்கங்கள். அவள் தூக்கத்தில் சொல்லும் அதே நான்கு. உள்விளிம்பில் கையை விட்டுச் சேற்றைச் சுரண்டியதும் மஞ்சள் தெரிந்தது. தோளில் தோள் சாய்ந்த எழுத்துகள். டயரை அழுத்திப் பார்த்தாள். விரல் அமுங்கியது. ஜனவரியிலிருந்து யாரும் காற்றுகூட அடிக்கவில்லை.

வெளியே வந்து எழுந்தாள். முதுகெல்லாம் மண். பெட்டி இன்னும் தோளில்தான் இருந்தது. யாரும் ஏற்றவில்லை.

“என் பேரு எழுதியிருக்கு, பத்ரினோ.”

தோன் கலிஸ்தோ குரலைத் தாழ்த்தினார். “தரமாட்டேன்னா சொன்னேன்? செக்கிங் முடிஞ்சதும் தரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கார்னிவல் வந்துருச்சு. உன் ஞானத்தாய் எல்லாத்துக்கும் சேத்துப் பீர் தெளிச்சு, பூ கட்டிட்டா. தெளிச்சதக் கழட்டுறதா? வருசம் திரும்பட்டும், தர்றேன் கொம்பாத்ரேன்னு சொன்னேன். அவனும் சரின்னுதான் சொன்னான்.”

“உங்க அதிர்ஷ்டம் இறங்கிடக் கூடாதுன்னு எங்கப்பாவ இறக்கிட்டீங்க.”

“வாய அடக்கு.”

“அதே டயருக்கு மேல அவர ஏத்திக் கொண்டுபோகப் போறீங்க. உங்களுக்குக் கூசல?”

அம்மா நடுவில் வந்து நின்றாள். தொப்பிக்குக் கீழே அவள் முகம் சுருங்கிச் சின்னதாகியிருந்தது. நெய்டாவை அவள் பார்க்கவில்லை. சுமந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, “தூக்கிட்டே நிக்காதீங்கப்பா. தோளு வலிக்கும். ஏத்துங்க” என்றாள்.

ஏற்றினார்கள். நெய்டா அந்த வண்டியில் ஏறவில்லை. கல்லறை வரை பின்னால் நடந்தே போனாள். மேட்டில் வண்டி திணறும்போதெல்லாம் காகிதச் சுருள் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போனது. அவளால் வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை. குழிக்குள் பெட்டி இறங்கியபோதும், அம்மா ஒரு பிடி கோக்கா இலையைத் தூவியபோதும், அவள் மனம் அந்த அமுங்கிய டயரிலேயே கிடந்தது. அதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. அப்பாவை அப்பாவாக நினைத்து அழ ஒரு அரைமணி நேரம் இருந்தது, அதையும் இந்த ஆள் எடுத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். பெரிய அண்டாவில் உலர்கிழங்குச் சூப்பு. பெட்டி இருந்த இடத்தை நாற்காலிகள் நெருங்கி மூடிவிட்டிருந்தன. தோன் கலிஸ்தோ தட்டை வைத்துவிட்டு எழுந்து தொண்டையைச் செருமினார்.

“செவெரோ நல்ல மனுசன். அசதியில ஒரு நிமிசம் கண்ணசந்துட்டான், அது நம்ம எல்லாருக்கும் வர்றதுதான். கொமாத்ரே தோமாசா, லைன்ல செவெரோவோட எடம் உங்களுக்குத்தான். யாருக்கு வேணும்னாலும் வாடகைக்கு விட்டுக்கங்க. நான் இருக்குற வரைக்கும் அத யாரும் தொட முடியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் இருக்குற வரைக்கும்.”

கடைசி மூன்று சொல்லை நெய்டாவைப் பார்த்துச் சொன்னார்.

கூடத்தில் சம்மத முனகல் எழுந்தது. அம்மாவின் தட்டில் சூப்பு அப்படியே இருந்தது. அந்த இடம் போனால் அம்மாவுக்கு வேறு எதுவும் இல்லை என்பது அங்கே சூப்பு ஊற்றுகிறவளுக்குக்கூடத் தெரியும்.

நெய்டா எழுந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இப்ப வெளிய நிக்கிற வண்டியில, ஓடக்கூடிய ஸ்டெப்னி வெச்சிருக்கிறவங்க கை தூக்குங்க.”

ஸ்பூன்கள் நின்றன. காசியானோவின் கை பாதி வரை எழுந்தது. அப்புறம் அது போய்த் தலையைச் சொறிந்தது.

“நாளைக்குக் காலையில மறுபடியும் பள்ளத்தாக்குல இறங்குவீங்க. ஆளுக்குப் பதினாலு பேர ஏத்திக்கிட்டு.”

“நாப்பது குடும்பம், இன்ஜினியரம்மா,” என்றார் தோன் கலிஸ்தோ. இந்த முறை மகளே இல்லை. “மணப்பெண்ணு கதைய நீ போய்ச் சொன்னீன்னா லைனையே மூடிருவான். நாப்பது அடுப்பு அணையும். அதுல உங்கம்மா அடுப்பும் ஒண்ணு. படிச்சிருக்கீல்ல, கணக்குப் போடு.”

“தூங்கிட்டாருன்னு சொல்லிட்டு அடுப்பெரிக்கணுமா? அவரு தூங்கல. அந்த டயரு தாங்காதுன்னு தெரிஞ்சுதான் எல்லாரையும் இறக்கிவிட்டாரு. தெரிஞ்சும் உங்ககிட்ட கேக்கத்தான் அவருக்கு வாய் வரல.”

“உக்காரு.”

“பதினாலு பேரு உயிரோட இருக்காங்க. அதயாவது சொல்லுங்க. எங்கப்பாவப் பத்தி அந்த ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் உக்காந்துக்கிறேன்.”

தோன் கலிஸ்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டார்.

நெய்டா கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது சொல்வார்கள் என்று பார்த்தாள். காசியானோ சூப்புக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தட்டில் ஏதோ தொலைந்திருந்தது.

அவள் வெளியே போனாள். நீல வண்டியின் பின்னால் போய்க் குந்தினாள். ஸ்டெப்னியை இறக்க ஒரு நீளக் கம்பி வேண்டும், அதை பம்பருக்கு மேல் இருக்கும் ஓட்டையில் விட்டுச் சுற்றினால் சங்கிலி இறங்கும். கம்பி இல்லை. வெறும் விரலை ஓட்டைக்குள் விட்டுத் திருகினாள். நகம் மடங்கியதுதான் மிச்சம். காலால் சங்கிலியை உதைத்தாள். மறுபடி உதைத்தாள். கூடத்து ஜன்னலில் முகங்கள் சேர்வது தெரிந்தது.

வண்டியின் முன்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பாவாடை சரசரக்க யாரோ நடந்து வந்தார்கள். அவள் திரும்பவில்லை.

அவளுக்குப் பக்கத்தில், மண்ணில், ஒரு கம்பி வந்து விழுந்தது.

இந்த மாதிரி மினிபஸ்ஸில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், மூலையில், பழைய துணியில் சுற்றியிருக்கும். இருபத்தைந்து வருஷம் ஒரு ஓட்டுநருக்குச் சோறு கட்டிக்கொடுத்தவளுக்கு அது தெரியாதா? நெய்டா நிமிர்ந்தபோது அம்மா ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாள். கூடத்துக்குள் போய், தன் நாற்காலியை எடுத்து, தோன் கலிஸ்தோவுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஆறிப்போன சூப்பை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

நெய்டா கம்பியை விட்டுச் சுற்றினாள். கிரீஸ் பார்க்காத சங்கிலி ஊரைக் கூட்டிக் கத்தியது. கத்தக் கத்தச் சுற்றினாள். டயர் இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. கொக்கியைக் கழற்றி, இரண்டு கையாலும் இழுத்து, நிமிர்த்தி நிறுத்தினாள்.

“அத எடுத்துட்டுப் போனா இந்த வண்டிக்கு ஸ்டெப்னி இல்ல,” தோன் கலிஸ்தோ வாசலில் நின்று சொன்னார். அவர் குரலில் அன்றைக்கு முதல்முறையாக ஏதோ உடைந்திருந்தது. “பரிசோதகர் முன்னால நான் எப்படிப் போய் நிக்கிறது?”

“கேளுங்க, பத்ரினோ. யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க.”

சாவி போட்டுத் தயாராக நின்ற நீல வண்டியை அவர் ஒருமுறை பார்த்தார். ஏறவில்லை. அவருக்குப் பின்னால் யாரும் நகரவில்லை. காசியானோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

நெய்டா டயரை உருட்டினாள். காற்றுக் குறைந்திருந்ததால் அது கனத்தது, ஒரு பக்கமாக இழுத்தது, உள்ளங்கையை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. தெருமுனை வரை வந்தாள். இடப்பக்கம் போனால் வீடு. வலப்பக்கம் இறக்கம், அதன் முடிவில் போலீஸ் கொட்டடி. நின்று யோசிக்க எதுவும் இல்லை. முனையில் டயரை வலது பக்கமாகச் சாய்த்துத் திருப்பினாள்.

இறக்கத்தில் அது தானாகவே வேகமெடுத்தது. அவள் கூடவே நடந்தாள். மிச்சமிருந்த காகிதச் சுருள் இரண்டு சுற்றில் பிய்ந்து ரோட்டிலேயே கிடந்துவிட்டது. மஞ்சள் எழுத்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மண்ணை நோக்கித் தலைகீழானது, ஒருமுறை நிமிர்ந்தது.